ஜெனரல் கிடக்கும் மேடு

ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து வேன் என்னைத் திடலின் மூலையில் இறக்கிவிட்டபோது, மேட்டின் மேல் பச்சை சாட்டின் துணி ஒன்று விரித்திருந்தது. நான்கு மூலைக்கும் செங்கல் வைத்திருந்தார்கள். தென்கிழக்குக் காற்று துணிக்கு அடியில் புகுந்து அதை உப்ப வைத்தது, பிறகு விட்டது. கீழே யாரோ படுத்து மூச்சு விடுவதுபோல் இருந்தது. தலைமாட்டில் ஒரு ஜாம் பாட்டில், அதில் மணல், மணலில் ஊதுவத்தி. யாரோ ரோஜா இதழ்களும் தூவியிருந்தார்கள். பாதி பறந்துபோய் வேலம்புதர்களில் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் நின்று பார்த்தேன். கண்ணில் தூக்கம், மூக்கில் மாவு நெடி. அந்த மேட்டுக்குக் கீழே யார் கிடக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஜெனரல். என் அப்பாவின் வண்டிக் குதிரை. பழைய இரும்பு சேர்க்கும் வண்டியை இழுத்துக்கொண்டு இந்தத் தெருக்கள் முழுக்கச் சுற்றிய செவலைக் குதிரை. நான் சிறுவனாக இருந்தபோது வயிறு வீங்கி ஒரே நாளில் செத்துப்போனது. அப்பா இரண்டு பேரைக் கூட்டிவைத்து இங்கேதான் குழி வெட்டினார். குதிரைக்குக் குழி என்றால் லேசில்லை. வெட்டி முடிக்கிற வரைக்கும் நான் அதன் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது அதற்குச் சாட்டின் போர்த்தியிருக்கிறார்கள்.

நாங்கள் குடியிருப்பது ஃபௌசியா ஆன்ட்டியின் பின்கட்டில், பலகை அறையில். கல்யாணம் ஆனதிலிருந்து அங்கேதான். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு திரைச்சீலை. திரைக்கு அந்தப் பக்கம் என் மகள் இல்ஹாம். அவளுக்குப் பதின்மூன்று வயது ஆகிறது. நான் பகலில் தூங்குகிறவன் என்பதால் அவளும் அவள் அம்மா மைமூனாவும் பாதி நாள் கிசுகிசுத்தே பேசுவார்கள். உடை மாற்றவேண்டும் என்றால் இல்ஹாம் துணியை ஒரு பிளாஸ்டிக் பையில் சுருட்டிக்கொண்டு ஆன்ட்டியின் குளியலறைக்குப் போவாள். அங்கே ஆள் இருந்தால் முற்றத்தில் துணிக்கொடிக்குப் பக்கத்தில் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பாள். கதவில்லாமல் வளர்கிற பெண் தோளைக் குறுக்கிக்கொண்டு நடக்கக் கற்றுக்கொள்கிறாள். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. பார்க்காமல் இருக்கவும் அந்த அறையில் இடமில்லை.

அதனால்தான் நகராட்சி இந்தத் திடலில் வீடு கட்டப்போகிறது என்று சொன்னபோது நாங்கள் நம்பினோம். நம்பாதவன்தான் நான், ஆனாலும் நம்பினேன். சொலேகா என்ற அதிகாரி ஒவ்வொரு பின்கட்டாக வந்து, கட்டப்போகும் வீடுகளில் பாதி இந்தத் தெருக்களின் பின்கட்டில் இருப்பவர்களுக்கே என்று சொன்னாள். மாடி வைத்த வீடு. மேலே இரண்டு அறை. சில நாளில் ஆட்கள் வந்து திடல் முழுக்க மரமுளை அடித்து, சிவப்பு நாடா கட்டிவிட்டுப் போனார்கள். அன்றைக்குச் சாயங்காலம் பின்கட்டுச் சனம் எல்லாம் திடலில்தான் இருந்தது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. எல்லோரும் உலாத்துவதுபோல வந்து, முளைகளுக்கு நடுவில் நின்றுவிட்டார்கள். மைமூனா மூலையில் ஒரு வீட்டுக்கான முளைகளைப் பிடித்துவிட்டாள்.

"இது வாசல். செருப்பைக் கழட்டு," என்றாள்.

"மணலு சுடுது."

"என் வீட்டுக்குள்ள செருப்போட வராத."

கழற்றினேன். அடுப்படி எங்கே, தண்ணீர்க்குழாய் எந்தப் பக்கம் என்று அவள் காட்டிக்கொண்டே போனாள். இல்லாத படிக்கட்டில் ஏற முடியாது என்பதால் மாடி அறையைக் கீழேயே வைத்துக்கொண்டோம். இல்ஹாம் அதற்குள் போய் மணலில் மல்லாந்து படுத்தாள். கையையும் காலையும் விரித்துக்கொண்டு படுத்தாள். அவள் அப்படிப் படுத்து நான் பார்த்ததில்லை.

வீடு கட்டக் கூடாது என்ற எதிர்ப்புக்குத் தலைவி ஃபௌசியா ஆன்ட்டி. இதைச் சொல்லும்போது அவளைக் கெட்டவள் என்று நினைத்துவிடக் கூடாது. எனக்கு வேலை போயிருந்தபோது எங்களைப் போ என்று சொல்லாதவள். வியாழக்கிழமை தவறாமல் சுடச்சுட ஒரு தட்டு பின்கட்டுக்கு வரும். ஆனால் வீடு கட்டும் பேச்சை எடுத்தால் வேறு ஆளாகிவிடுவாள். சாக்கடை தாங்காது, பள்ளிக்கூடத்தில் இடமில்லை, குழாயில் இப்போதே தண்ணீர் நூலாகத்தான் வருகிறது, எங்கிருந்தோ ஆட்களைக் கொண்டுவந்து கொட்டுவார்கள், அவர்களோடு துப்பாக்கியும் வரும் என்று அடுக்குவாள். தெருவில் சொந்த வீடு வைத்திருக்கும் முன்கட்டுக்காரர்கள் எல்லோரும் அவள் பின்னால் நின்றார்கள். அவர்கள் எல்லோருமே ஒரு காலத்தில், அந்த இடம் இனி வெள்ளைக்காரர்களுக்கு என்று சொல்லி, மலையடிவாரத்து வீடுகளிலிருந்து லாரியில் ஏற்றி இந்த மணல்காட்டில் இறக்கிவிடப்பட்டவர்கள், அல்லது அவர்களுடைய பிள்ளைகள். இறக்கிவிட்ட இடத்தை இப்போது விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறார்கள்.

பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் நடந்தது. சொலேகா மேடையில் படங்களை எல்லாம் காட்டி முடித்து, வீடு வேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றாள். பின்கட்டுக்காரர்கள் பாதி மண்டபம் இருந்தோம். ஆனால் ஒவ்வொருவரும் வந்தது தான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரியோடு. ஒரே காரில் வந்து, ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தோம். என் இடதுபக்கம் ஃபௌசியா ஆன்ட்டி, மடியில் கைப்பை, அதற்குள் எனக்கும் மைமூனாவுக்கும் சேர்த்துக் கொண்டுவந்த சமோசா. நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். மண்டபத்தில் ஒரு கைகூட எழவில்லை. சொலேகா எங்களையே பார்த்தாள். போன வாரம் என் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தவள். பிறகு எதிர்ப்பவர்கள் என்று கேட்டாள். முன்கட்டுக் கைகள் எல்லாம் எழுந்தன. சில பின்கட்டுக் கைகளும்.

ஆனாலும் நகராட்சி நிற்கவில்லை. எதிர்ப்பைக் கேட்டுக்கொண்டோம், குளிர்காலம் முடிந்ததும் வேலை ஆரம்பிக்கும் என்றது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். கை தூக்காமலே வீடு கிடைக்கிறதே என்ற சந்தோஷம். அப்போதுதான் சாலி அங்கிள் கனவு கண்டார்.

சாலி அங்கிள் தையற்கடை வைத்திருந்து மூடிவிட்டவர். ஆன்ட்டிக்கு எதிர்வீடு. ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து எல்லோரும் செருப்பு தேடிக்கொண்டிருந்தபோது, தனக்குக் கனவில் ஒரு பெரியவர் வந்தார் என்றார். வெள்ளை உடுப்பு, பச்சைத் தலைப்பாகை. கப்பலில் விலங்கு போட்டுக் கொண்டுவந்தார்கள், தப்பித்து மணலில் நடந்தேன், நடந்த இடத்திலேயே படுத்துவிட்டேன், இப்போது என் மேல் வீடு கட்டப் பார்க்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, மேட்டைக் கை காட்டினாராம். இமாம், கனவை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்றார். ஆனால் கூடாது என்றும் சொல்லவில்லை. நகரத்தைச் சுற்றி அவுலியாக்கள் என்ற இறைநேசர்களை அடக்கிய கபர்கள் வளையமாக இருந்து நெருப்பிலிருந்தும் வெள்ளத்திலிருந்தும் எங்களைக் காக்கின்றன என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் மணல்காட்டுக்கு மட்டும் ஒருவரும் இல்லை என்பதில் எல்லோருக்கும் ஒரு குறை இருந்தது. அந்தக் குறையும் கனவும் பொருந்திப்போயின. மறுநாளே சாட்டின் வந்துவிட்டது. அடுத்த வாரம் பக்கத்து ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். கபர் இருக்கும் இடத்தில் கட்டுவதாக இருந்தால் பழங்காலப் பொருட்களைப் பார்க்கும் அலுவலகம் சரி சொல்லவேண்டும், அதுவரை எல்லாம் நிற்கும் என்று சொலேகா வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் ஃபௌசியா ஆன்ட்டியின் அடுப்படிக்குப் போனேன். அவள் கூசிஸ்டர் போட்டுக்கொண்டிருந்தாள். பொரித்த உருண்டைகளைப் பாகில் புரட்டி, தேங்காய்ப்பூ தூவி, தெருவுக்கே தட்டு தட்டாக அனுப்புவாள்.

"ஆன்ட்டி, அது ஜெனரல்."

திரும்பிப் பார்க்கவில்லை. "எது?"

"மேட்டுல கெடக்குறது. உங்களுக்கே தெரியும்."

"தெரியாம என்ன? எங்க வீட்டு மண்வெட்டியிலதான உங்கப்பன் வெட்டினான். பிடி உடைச்சுக் குடுத்தான். இன்னிக்கு வரைக்கும் மாத்திக் குடுக்கல."

"அப்போ ஏன் சும்மா இருக்கீங்க?"

"நானா கனவு கண்டேன்? சாலி கண்டான். போயி அவனைக் கேளு." ஒரு உருண்டையை எடுத்து ஒரு தட்டில் வைத்து என் பக்கம் தள்ளினாள். "சாப்பிடு. சூடு போனா ரப்பராயிடும்."

"ஆன்ட்டி, எம் பொண்ணு ஒங்க பாத்ரூம்ல துணி மாத்திக்கிட்டிருக்கா."

"மாத்தட்டும். நான் என்னிக்காவது ஏதாவது சொல்லியிருக்கேனா?"

"சொல்லல. அதத்தான் சொல்றேன்."

அவள் அடுப்பை அணைத்தாள். எண்ணெய் அடங்கும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு என் தோளைப் பிடித்து, கழுவுமிடத்துக்கு மேலே இருந்த ஜன்னலுக்கு முன்னால் நிறுத்தினாள். "பாரு," என்றாள். திடல் தெரிந்தது. புதர், மணல், மேடு, பச்சைத் துணி. அதற்கெல்லாம் பின்னால், தொலைவில், மலை. மேசைபோல் தட்டையாக, ஒரு முனையிலிருந்து மறு முனைவரை, குறையில்லாமல். பதினைந்து வருடமாக அந்த வீட்டுப் பின்கட்டில் இருக்கிறேன். அந்த ஜன்னலில் நின்றதில்லை.

"ஒம்போது வயசுல என்னை லாரியில ஏத்துனாங்க," என்றாள் ஆன்ட்டி. "அந்த மலைக்கு நேர் கீழ எங்க வீடு. முற்றத்துல நின்னா அண்ணாந்துதான் பாக்கணும். இங்க வந்து எறங்குன அன்னிக்கு எங்கம்மா பாத்திரத்தக்கூட எடுத்து வைக்கல. இந்த ஜன்னல்ல வந்து நின்னா. இருக்குதுடின்னா. அவ்வளவுதான். பாத்திரம் கழுவுறப்ப எல்லாம் பாத்துக்கிட்டே இருப்பா. இப்ப நான் பாக்கறேன். மாடி வெச்சுக் கட்டுனா எனக்கு யாரோ ஒருத்தரோட ஜட்டி காயறதுதான் தெரியும்."

"சாக்கடைன்னு சொன்னீங்க. துப்பாக்கின்னு சொன்னீங்க."

"மலை வேணும்னு சொன்னா மண்டபத்துல சிரிப்பாங்கடா."

சாக்கடைக்குப் பதில் வைத்திருந்தேன். துப்பாக்கிக்கும் வைத்திருந்தேன். கூசிஸ்டரைத் தின்றுவிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன். கழுவும்போது நானும் மலையைத்தான் பார்த்தேன். பார்க்காமல் அங்கே கழுவ முடியாது.

அந்த நாட்களில் மைமூனா மேட்டுக்குப் போக ஆரம்பித்திருந்தாள். எனக்குத் தெரியாமல் இல்லை. நான் தூங்குகிறேன் என்று நினைத்து முக்காட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு கதவைச் சத்தமில்லாமல் சாத்துவாள். ஒருநாள் பின்னாலேயே போனேன். மேட்டின் காலடியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் ஏந்திக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. பத்தடி தள்ளி அவள் பிடித்துவைத்த முளை மணலில் சாய்ந்து கிடந்தது. காற்று நாடாவை எப்போதோ கொண்டுபோய்விட்டது. அவள் என்ன கேட்டிருப்பாள் என்று யோசிக்கவே வேண்டியதில்லை. எந்த மேடு எங்கள் வீட்டைத் தடுத்து வைத்திருக்கிறதோ, அந்த மேட்டிடமே வீடு கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. செத்துப்போன என் அப்பாவின் மேலாகக்கூட இருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்கத் தெரியாது எனக்கு. "அது குதிரை மைமூனா. எங்கப்பாவோட குதிரை."

அவள் முக்காட்டை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்துக் கட்டிலின் ஓரத்தில் வைத்தாள்.

"பேரு என்ன?"

"ஜெனரல்."

"இத்தன நாளு ஜெனரல்கிட்டயா கேட்டேன்." சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை, கட்டிலில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "பரவால்ல போ. நகராட்சிக்காரங்ககிட்ட கேட்டா குறிச்சுக்கிட்டுப் போவாங்க. ஆன்ட்டிகிட்ட கேக்கவே முடியாது. ஒங்கிட்ட கேட்டா தூங்கிடுவ. அதாச்சும் எந்திரிச்சுப் போகாம கேட்டுச்சே."

"நான் போயி சொல்லிடறேன். அந்த அலுவலகத்துலருந்து வர்ற அன்னிக்கு எல்லாருக்கும் முன்னாடி சொல்லிடறேன்."

"சொல்லிட்டு? ஆன்ட்டி பலகையப் பிரிச்சு வெளிய வெச்சா? வீடு கட்டி முடிக்கற வரைக்கும் எங்க இருக்கறது, ஜெனரலுக்குப் பக்கத்துலயா?"

"அப்ப சொல்ல வேணாமா?"

திரைக்கு அந்தப் பக்கம் இல்ஹாம் புத்தகத்தைப் புரட்டும் சத்தம் நின்றிருந்தது. மைமூனா அந்தப் பக்கம் பார்த்தாள். "சொல்லு," என்றாள்.

அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். தொப்பி, முழங்கால்வரை பூட்ஸ், சின்னக் கரண்டிகள் வைத்த பெட்டி. சொலேகாவும் வந்தாள். தெரு முழுக்கத் திடலில் இருந்தது. முன்கட்டுக்காரர்கள் மேட்டைச் சுற்றி, பின்கட்டுக்காரர்கள் அவர்களுக்குப் பின்னால், அவரவர் வீட்டுச் சொந்தக்காரியிடமிருந்து இரண்டடி தள்ளி. அந்தப் பெண் மரியாதையாகத்தான் பேசினாள். இந்த மேட்டைப் பற்றி யாருக்காவது ஏதாவது தெரியுமா என்று கேட்டாள். சாலி அங்கிள் கனவைச் சொன்னார். மூன்றாவது தடவையாகக் கேட்கும்போது கப்பலில் பாய்மரங்கள் கூடியிருந்தன. அவர் முடித்ததும் நான் முன்னால் போனேன்.

"இது எங்கப்பாவோட குதிரை. நான் சின்னப் பையனா இருந்தப்ப பொதைச்சது. நான் கூட இருந்தேன்," என்றேன்.

கூட்டம் முனகியது. யாரோ, "ரொட்டிக்கு மாவு பெசஞ்சு பெசஞ்சு மூளையும் புளிச்சுப்போச்சு இவனுக்கு," என்றார்கள். சிரித்தார்கள்.

"ஃபௌசியா ஆன்ட்டிக்குத் தெரியும். கேளுங்க," என்றேன்.

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் பொய்யன். அவள் என்னைப் பார்க்கவில்லை. எங்கள் தலைகளுக்கு மேலாக, தொலைவில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். எதை என்று எனக்குத் தெரியும்.

"ஆமா," என்றாள். "குதிரைதான். என் போர்வையிலதான் சுத்துனோம். நீலக் கட்டம் போட்டது."

தோண்டிப் பார்க்கலாம், மனித எலும்பு தட்டுப்பட்டால் அந்த நொடியே மூடிவிடவேண்டும் என்றார் இமாம். துணியை மடித்து சாலி அங்கிளின் கையில் கொடுத்தார்கள். அந்தப் பெண் மண்டியிட்டு மணலை வழித்து வழித்து எடுத்தாள். எங்கள் மணலில் குழி வெட்டினால் பாதி திரும்பச் சரியும். வெயில் ஏறியது. கடைசியில் ஒரு கால் தெரிந்தது. நீண்ட எலும்பு, அதன் முனையில் குளம்பு, குளம்பில் துருப்பிடித்த லாடம். பக்கத்திலேயே நீலத் துணியின் ஒரு கிழிசல். அவள் நிமிர்ந்து, குதிரை, முப்பது வருடத்துக்கு மேல் இருக்காது என்றாள். அந்த லாடத்தை எனக்குத் தெரியும். அப்பா அடிப்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மைமூனாவைத் தேடினேன். அவள் கூட்டத்துக்குப் பின்னால் இல்ஹாமின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொலேகாவின் முகத்தில் சிரிப்பு வந்துகொண்டிருந்தது. சில நிமிடம் அந்தத் திடலில் எங்களுக்கு ஒரு வீடு இருந்தது.

பிறகு சாலி அங்கிள் பேசினார். கத்தவில்லை. துணியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் கேட்டார்.

"இக்ஸான், இவ்வளவு பெரிய தெடல். உங்கப்பன் ஏன் இந்த எடத்துல வெட்டுனான்?"

"தெரியல அங்கிள். மண்ணு எளக்கமா இருந்திருக்கும்."

"தெடல் பூராவும் மணலு. எங்க எளக்கமில்ல? இங்கதான்னு அவன் கையப் பிடிச்சுக் காட்டுனது யாரு?" பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "அம்மா, குதிரைக்குக் கீழ பாத்தீங்களா?"

பார்க்கவில்லை என்றாள் அவள். அதுதான் உண்மை.

"பெரியவங்க தனியா படுக்க மாட்டாங்க. காவலுக்கு ஒரு உசுரு வேணும். கனவுல அவர் குதிரையப் பிடிச்சுக்கிட்டுத்தான் நின்னாருன்னு நான் அன்னிக்கே சொல்லல?"

"சொன்னீங்க, சொன்னீங்க," என்றது கூட்டம். அவர் சொல்லவில்லை. ஆனால் அவர் பொய் சொல்வதாகவும் எனக்குத் தோன்றவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது அவருக்கு. அந்த லாடத்தைப் பார்த்த நிமிடத்தில் கனவுக்குள் குதிரையும் வந்துவிட்டிருக்கும். ஒரு கிழவி நபியின் மேல் வாழ்த்தாக ஸலவாத்து சொல்ல ஆரம்பித்தாள். ஒவ்வொரு வாயாகச் சேர்ந்தது. பின்கட்டு வாய்களும் சேர்ந்தன. இன்னும் கீழே தோண்டலாமா என்று அந்தப் பெண் கேட்டாள். இமாம் சுற்றிலும் இருந்த முகங்களைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்றார். அப்படியென்றால் திடல் முழுவதையும் கருவி வைத்து ஆராயவேண்டும், அதற்கு ஆள் வரவேண்டும், ஒப்புதல் வரவேண்டும் என்றாள். எவ்வளவு நாள் ஆகும் என்று சொலேகா கேட்டதற்கு அவள் உதட்டைப் பிதுக்கினாள். ஜெனரலின் காலை மறுபடி மூடினார்கள். இந்த முறை சந்தனம் தெளித்து மூடினார்கள்.

சாயங்காலம் ஆன்ட்டி பின்கட்டுக்கு வந்தாள். பலகையைப் பிரிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். வாசலில் நின்றாள், உள்ளே வரவில்லை.

"பொய் சொல்லி ஜெயிக்கணும்னு நான் நெனைக்கல," என்றாள்.

"தெரியும் ஆன்ட்டி."

"நெசத்தச் சொல்லியும் ஜெயிச்சிட்டேன். நான் என்னடா பண்ணட்டும்?"

அவள் போகவில்லை. முற்றத்தில் துணிக்கொடி ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "அந்தப் போர்வை எங்கம்மாவோடது," என்றாள். பிறகு போனாள்.

வெயில் காலத்துக்குள் மேட்டின் மேல் கட்டடம் வந்துவிட்டது. நகராட்சியைக் கேட்டுக் கட்டியதல்ல. ஒருவர் செங்கல் தந்தார், ஒருவர் சிமெண்டு, இன்னொருவர் பழைய பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்த கதவு. பின்கட்டில் இருக்கும் கொத்தனார்கள் இரண்டு பேர் கூலி இல்லாமல் சுவர் எழுப்பினார்கள். நான் வேலை முடிந்து வந்து, தூக்கக் கண்ணோடு மணல் சலித்தேன். ஏன் செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஜெனரலுக்கு என்று வைத்துக்கொள்ளலாம். நாலு சுவர், ஓடு, ஒரு ஜன்னல், உள்தாழ்ப்பாள் வைத்த ஒரு கதவு. எங்கள் பலகை அறையைவிடக் கொஞ்சம் பெரியது. கூரை மட்டும் தாழ்வாக இருக்கவேண்டும் என்று ஃபௌசியா ஆன்ட்டி நின்று பார்த்துக்கொண்டாள். யாரும் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை. கூட்டிப் பெருக்க ஆள் வேண்டும் என்று பேச்சு வந்தபோது, சாவியைக் கொண்டுவந்து மைமூனாவின் கையில் வைத்ததும் ஆன்ட்டிதான்.

வெள்ளி, ஞாயிறு கூட்டம் வரும். மற்ற நாட்களில் மத்தியான நேரம் அங்கே ஒருவரும் வருவதில்லை. நேற்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்து பார்த்தால் அறையில் யாரும் இல்லை. திடலுக்கு நடந்தேன். மைமூனா வெளியே படியில் உட்கார்ந்து, முதுகைச் சுவரில் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் துடைப்பம். படியில் இல்ஹாமின் பள்ளிக்கூடச் செருப்பு ஜோடியாகக் கழற்றி வைத்திருந்தது. கதவு சாத்தியிருந்தது.

"என்ன பண்றா உள்ள?" என்றேன்.

"தெரியாது," என்றாள் மைமூனா, கண்ணைத் திறக்காமல். "தாப்பா போட்டிருக்கா."

உள்ளேயிருந்து இல்ஹாம் ஏதோ முணுமுணுத்துப் பாடும் சத்தம் வந்தது. வார்த்தை கேட்கவில்லை. காற்றில் மணல் எழும்பி ஓட்டின் மேல் சரசரத்துக்கொண்டிருந்தது. கதவைத் தட்டுவதற்குக் கையைத் தூக்கினேன். தூக்கிய கையோடு அப்படியே நின்றேன்.